பெருங்கையார் வறட்சி பார்க்க வந்த கதை

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. வழக்கப்படி இந்த இடத்தில் ஒரு சிங்கராஜாவைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நம் கதைக்கு அந்த வசதி கிடையாது. நம் நாயகி சுழலி தூசி அளவுதான் இருப்பாள். அவள் வாயில் மயிரால் ஆன இரண்டு சக்கரங்கள் உண்டு. அவற்றைச் சுழற்றித் தண்ணீரை இழுத்து, அதோடு வருவதைத் தின்பாள். அவள் இனத்தில் ஆண் என்பதே கிடையாது. அம்மா, மகள், பேத்தி என்று எல்லாம் பெண்கள்தான். ஆகவே கல்யாணச் செலவும் இல்லை, சம்பந்தி சண்டையும் இல்லை. மிச்சமான நேரத்தில் சுழலி பொதுக்காரியம் பார்த்தாள். குட்டைவாசிகள் நலச்சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

அந்த வருடம் மழை பொய்த்தது. மலையிலிருந்து வரும் ஓடையும் நின்றது. குட்டை கரையை விட்டுவிட்டு நடுவுக்கு ஒதுங்க ஆரம்பித்தது. இருந்த தண்ணீர் கொதித்தது. ஒரு சொட்டுக்குள் ஒரு தெருவே குடியிருக்க வேண்டிய நிலைமை. மூச்சுவிடவே திண்டாட்டம். பாசிக்கூட்டத்துக்கு மட்டும் கொண்டாட்டம். தண்ணீர் சுண்டச் சுண்ட அதிலிருந்த சத்தெல்லாம் கெட்டிப்பட்டது. பாசி அதைத் தின்று கொழுத்துப் பெருகிக்கொண்டே போனது.

சுழலியின் பக்கத்து வீட்டில் மொத்தையன் என்றொரு நீர்க்கரடி இருந்தான். பெயர்தான் கரடி, அவனும் தூசி அளவுதான். எட்டுக் கால் இருந்தும் எங்கேயும் போகாதவன்.

"எதுக்கு இப்படி அலையுற சுழலி? குட்டை காஞ்சா காஞ்சிட்டுப் போகட்டும். நாமளும் கூடவே சுருண்டு காஞ்சு தூங்கிருவோம். தண்ணி வந்தா தானா முழிப்பு வரும். நான் எத்தனை தடவை தூங்கியிருக்கேன்!"

"காஞ்சவ எந்திரிக்கலைன்னா?"

"எந்திரிக்கலைன்னா உனக்குத் தெரியவா போகுது?"

இதைக் கேட்டதும் சுழலிக்கு இருந்த பயம் இரட்டிப்பானது. அவள் ஒருமுறைகூடக் காய்ந்தவள் இல்லை. வயிற்றில் முட்டை வேறு இருந்தது. நேராகப் போய்ச் சங்கத்தைக் கூட்டினாள்.

காட்டின் வறட்சி நிவாரண அதிகாரி ஒரு யானை. பெயர் பெருங்கையார். மேட்டில் பங்களா. அவர் மனது வைத்தால் எங்கிருந்தாவது தண்ணீர் வரும் என்று பேச்சு. தூது போகக் கொசு ரீங்காரி முன்வந்தாள். அவளுக்கும் இந்தக் குட்டையை விட்டால் முட்டையிட வேறு இடமில்லை.

பங்களா வாசலில் மான்களும் பன்றிகளும் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றன. ரீங்காரி எல்லோரையும் தாண்டிப் பறந்து, பெருங்கையாரின் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு கோரிக்கையைப் பாட ஆரம்பித்தாள். பெருங்கையார் காதை ஆட்டிப் பார்த்தார், தலையை மரத்தில் முட்டிப் பார்த்தார்.

"வந்து பாக்குறேன் தாயே, நேர்லயே வந்து பாக்குறேன். நீ முதல்ல வெளிய வா!"

அதிகாரி நேரில் வருகிறார் என்றதும் குட்டைக்குத் தலைகால் புரியவில்லை. சுழலிக்கோ தலைவி என்ற பொறுப்பு வேறு.

"இவ்வளவு பெரிய மனுசர் வர்றாரு. வெறும் சேத்தைக் காட்டினா நம்ம மானம் என்னாகுறது?" என்றாள். பாசிக்கூட்டத்தைக் கூப்பிட்டாள். "எல்லாரும் மேல வந்து கரைக்குக் கரை விரிஞ்சு நில்லுங்க. ஒரு பொட்டு சேறு தெரியக்கூடாது, ஆமா."

பாசிக்குச் சொல்லவா வேண்டும்? ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று குட்டை முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்துவிட்டது.

"வறட்சியப் பாக்க வர்றவருக்கு வறட்சியக் காட்ட வேணாமா?" என்று மொத்தையன் படுத்தபடியே கேட்டான். சோம்பேறி பேச்சை யார் கேட்பார்கள்?

பெருங்கையார் வந்தார். கூடவே செல்போனும் கையுமாக அவருடைய உதவியாளர் கீரி.

"என்னய்யா இது, பச்சைப்பசேல்னு கிடக்கு?"

"ஆமாங்கய்யா. கண்ணுக்கே குளிர்ச்சியா இருக்குங்க."

"இங்க யாரு குடியிருக்கா?"

கீரி குனிந்து பார்த்தது. "ஒருத்தரையும் காணோமுங்க."

அவர்கள் காலடியில் கோடிக்கணக்கானவர்கள் "ஐயா வணக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுழலி இரண்டு சக்கரத்தையும் முழுவேகத்தில் சுழற்றியபடி வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எழுதிக்க. செழிப்பான பகுதி. குடியிருப்பு ஏதுமில்லை. வறட்சி இல்லை."

குட்டையைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள். சுழலி உட்கார்ந்து அழுதாள். தன் கையாலேயே குட்டையைக் கெடுத்துவிட்டோமே என்று அவளுக்கு ஆறவில்லை.

கடைசிச் சேறும் வெடிக்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் சுழலி சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். காலைச் சுருக்கினாள். "மொத்தையா, பயமா இருக்கு" என்றாள். அவன் ஏற்கெனவே ஒரு கல்லுக்கடியில் உருண்டையாகிக் காய்ந்து போயிருந்தான். சுழலி வயிற்று முட்டையை அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஆடிக்காற்று வந்தது. காய்ந்த குட்டையின் புழுதியை வாரி மேட்டுப் பக்கம் வீசியது. அந்தப் புழுதியில் சுழலி இருந்தாள், அவள் சொந்தக்காரிகள் இருந்தார்கள், பாசியின் வித்துகளும் இருந்தன.

சுழலி விழித்தபோது சுற்றிலும் தண்ணீர். தெளிந்த, குளிர்ந்த, ஆழமான தண்ணீர். செத்தபின் போகிற இடம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்போது மேலேயிருந்து ஒரு பெரிய கால் இறங்கியது. பின்னாலேயே இன்னொரு கால். அது பெருங்கையாரின் பங்களாக் குளியல் தொட்டி. ஓடைத் தண்ணீரெல்லாம் எங்கே நின்றுபோனது என்று அப்போதுதான் சுழலிக்குத் தெரிந்தது.

"அட பாவி மனுசா!" என்றாள். ஆனால் உயிரோடிருக்கிற சந்தோஷத்தில் கோபம் நிற்கவில்லை. முட்டை பொரிந்தது. வழக்கம்போலப் பெண்தான். பெருங்கையார் குளிக்கும்போதே சாணியும் போடுகிறவர். ஆகவே தொட்டியில் சத்துக்குப் பஞ்சமில்லை. பாசி கண்டபடி பெருகியது. இந்தமுறை யாரும் அதை விரியச் சொல்லவில்லை.

ஒருநாள் குளித்துவிட்டு எழுந்த பெருங்கையார் பச்சையாக எழுந்தார். உடம்பெல்லாம் அரிப்பு. தொட்டியிலிருந்து எழுந்த நாற்றத்தில் கீரி மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"பேரிடர்!" என்று பிளிறினார். "எழுதுய்யா, பேரிடர்னு எழுது!"

கீரி செல்போனைத் தடவிப் படத்தைக் காட்டியது. "ஐயா, இதே பச்சைக்குத்தானுங்களே அன்னைக்குச் செழிப்புன்னு எழுதினோம்?"

"அது அவங்க குட்டைய்யா. இது என் தொட்டி! மொத்தத் தண்ணியையும் இப்பவே திறந்து விடு. எங்கயாவது போய்த் தொலையட்டும்."

கீரி தொட்டியின் மதகைத் தூக்கியது. தண்ணீர் பாய்ந்து, பழைய ஓடைத்தடத்தைப் பிடித்து, பள்ளத்தில் கிடந்த குட்டைக்கு ஓடியது. சுழலியும் கூட்டமும் அலைமேல் சவாரி செய்து ஊர் வந்து சேர்ந்தார்கள். கரை தொட்டு நிறைந்தது குட்டை.

கல்லுக்கடியில் மொத்தையன் ஒவ்வொரு காலாக நீட்டிச் சோம்பல் முறித்தான். "மழையா?"

"இல்ல," என்றாள் சுழலி. "நிவாரணம்."

சுழலியின் மகள் மட்டும் கூட வரவில்லை. பங்களாத் தொட்டி மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தது. சங்கத்தின் கிளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் வேண்டாமா?

நீதி: உங்கள் குறை அதிகாரியின் கண்ணில் படவில்லையென்றால், அவர் குளிக்கிற தண்ணீரில் போய் விழுங்கள்.