மூன்றாவது குழாய்

குசினி மேசையில் மூன்று பிளாஸ்ரிக் குழாய்கள் நின்றன. முதலாவதில் சிவராசாவின் துப்பல் கோடு வரை இருந்தது. இரண்டாவதில் அவருடைய மனைவி ஞானேஸ்வரியின் துப்பல். மூன்றாவது, மகள் வினோஜாவுக்குரியது, வெறுமையாக இருந்தது. பதினாறு வயது வினோஜா அதை இரண்டு தரம் முற்றத்துக்கு எறிந்துவிட்டாள்.

"பத்து மணி பஸ்ஸுக்கு இது கிளிநொச்சிக்குப் போகவேணும்," என்றார் சிவராசா. "அண்ணர் கனடாவில இருந்து விடியவே போன் எடுத்துப்போட்டார்."

"அவள் துப்பமாட்டாள் எண்டு சொல்லுங்கோவன்," என்றாள் ஞானேஸ்வரி.

"சொன்னனான். துப்ப வைக்கிறது தாயின்ர வேலையாம்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார்.

வினோஜாவுக்கு ஓட்டிசம். பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். பேக்கரியில் வாங்கும் வெள்ளைக் கோதுமைப் பாணைப் பால்தேத்தண்ணியில் தோய்த்துத் தின்பாள். வேறொன்றும் தொடமாட்டாள். துப்பலில் மரபணுவைப் பார்த்து அதற்கேற்ற சாப்பாட்டைக் கொடுத்தால் பிள்ளை பேசும் என்று ஒரு கொம்பனிக்காரர் அண்ணருக்குச் சொல்லியிருந்தார்கள். தாய் தகப்பனோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அந்த ஒப்பிடுதலுக்குத்தான் ஞானேஸ்வரி பயந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில் சிவராசாவைப் பிரிந்தபோது அவள் நிறைமாதம். பிறந்த பிள்ளை ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. கூட நடந்துவந்த ஒருவர்தான் அதைக் குழிவெட்டித் தாட்டார். பிறகு ஒரு காலையில், பதுங்குகுழியில் இறந்து கிடந்த யாரோ ஒருத்தியின் மடியில் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மூன்று வருடம் இராணுவத்தின் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்த சிவராசா குழந்தையைப் பார்த்து, "என்ர நெத்தி," என்றார். அவள் திருத்தவில்லை. பதின்மூன்று வருடமாகத் திருத்தவில்லை.

இப்போது ஒரு குழாய் திருத்தப்போகிறது.

ஞானேஸ்வரி யோசித்தாள். பிள்ளை என்றால் என்ன? பாதி தகப்பன், பாதி தாய். எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பாணிமருந்துக் கரண்டியைக் கழுவித் துடைத்தாள். அவருடைய குழாயிலிருந்து ஒரு கரண்டி, தன்னுடையதிலிருந்து ஒரு கரண்டி, மூன்றாவதில் ஊற்றினாள். குறைந்த இரண்டையும் தானே துப்பி நிரப்பலாமா என்று பார்த்து, தன்னுடையதை மட்டும் நிரப்பினாள். கலவையில் அவர் பக்கம் ஒரு சொட்டுக் கூடிவிட்டது. பரவாயில்லை. பிள்ளை தகப்பனைப்போல என்றுதானே ஊரும் சொல்கிறது.

ஆறு வாரத்தில் அறிக்கை வந்தது. பிறப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஞானேஸ்வரி பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாள். பிறகுதான் மிச்சத்தை வாசித்தாள்.

கோதுமை கூடாது. பால் கூடாது. சீனி கூடாது. குரக்கன் மா, முருங்கையிலை, சூடை மீன் கொடுக்கவும்.

வினோஜா குரக்கன் பிட்டைத் தட்டோடு கவிழ்த்தாள். இரண்டாம் நாள் தண்ணீர் மட்டும் குடித்தாள். மூன்றாம் நாள் அலுமாரிக் கதவில் தலையை இடிக்கத் தொடங்கினாள்.

அந்தத் தாளில் இருப்பது உலகத்தில் இல்லாத ஒரு பிள்ளைக்கான சாப்பாடு என்பது ஞானேஸ்வரிக்கு மட்டுந்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் வழியில்லை. சிவராசா வயலுக்குப் போனதும், கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்து மகளுக்குப் பாணும் தேத்தண்ணியும் கொடுத்தாள்.

மாத முடிவில் வினோஜா மூன்று கிலோ கூடியிருந்தாள்.

"பாத்தீங்களா அம்மா, எங்கட சாப்பாடு வேலை செய்யுது," என்றார் கொழும்பிலிருந்து வீடியோவில் கதைத்த கொம்பனி ஆலோசகர் கோகுலன். "இனிக் கிழங்கையும் நிப்பாட்டுவம்."

ஞானேஸ்வரிக்கு அது இடித்தது. காலையில் கொடுக்கும் நாலு துண்டுப் பாணுக்கு மூன்று கிலோ ஏறாது. பின்னேரங்களில் மகள் தகப்பனோடு வயலில்தான் நிற்பாள். மறுநாள் பின்னேரம் கடையிலிருந்து நேரே வயலுக்குப் போனாள். பம்ப் கொட்டிலில், உரப் பையின்மேல் வினோஜா இருந்தாள். வாய் நிறையப் பாண். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு சிவராசா.

"என்னப்பா இது?"

"பாண்."

"பாண் எண்டு தெரியுது. அண்ணருக்கு ஓம் ஓம் எண்டு தலையாட்டினது ஆர்?"

"அந்தத் தாள் இவளுக்குச் சரிவராது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சிவராசா கோப்பைக்குள் பார்த்தார். "தின்னுறாளெல்லோ. உம்மட பையுக்குள்ள என்ன?"

"கோழிக்குப் பாண்."

"கோழியும் நல்லா உடம்பு வைச்சிருக்கு," என்றார் அவர்.

இருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கோகுலன் மறுபடி போன் எடுத்தார். மூன்று கிலோக் கதை கனடா வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கிளிநொச்சியில் பெற்றோர் கூட்டம். எல்லாருக்கும் முன்னால் மூவரும் புதிதாகத் துப்ப வேண்டும். இந்தமுறை தாய் தகப்பன் ஒப்பீட்டையும் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்களாம்.

வியாழன் காலை ஞானேஸ்வரி தனியே கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினாள். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கொம்பனிக் கந்தோரில், குழாய்களை வாங்கிப் பதியும் சுமித்திரா மட்டும் இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

"தங்கச்சி, நாளைக்கு எங்களைக் கூப்பிடாதேங்கோ. அந்த மூண்டாவது குழாயில துப்பினது பிள்ளை இல்லை. நான் கலந்தனான்."

"தெரியும் அன்ரி. ரெண்டு பேரின்ர துப்பல் கிடக்குது எண்டு பரிசோதனைக்கூடத்தில அப்பவே திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

"அப்ப அந்த அறிக்கை?"

"அங்கிளைக் கூப்பிட்டுப் பிள்ளையின்ர துப்பல் வேற கேட்டனான். வந்தார். வெறுங்குழாயை வாங்கி, இதிலயே நிண்டு தானே துப்பித் தந்தார். சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் எடுங்கோ, ஒப்பிடுற வேலை வேண்டாம் எண்டார்."

ஞானேஸ்வரி மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பதின்மூன்று வருடத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"பிள்ளை எங்களுக்குப் பிறக்கேல்லைத் தங்கச்சி. அது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் அந்த மனுசன் தாங்கமாட்டார்."

சுமித்திரா பேனையை மூடி வைத்தாள்.

"இதை நான் சொல்லக்கூடாது அன்ரி. 'எங்களுக்குப் பிறந்த பிள்ளையைத் தாட்டவர் என்னோடதான் தடுப்பில இருந்தவர் தங்கச்சி. எனக்குத் தெரியும் எண்டது அவாவுக்குத் தெரிஞ்சால் அவா தாங்கமாட்டா' எண்டுதான் அங்கிளும் சொன்னவர்."