விலையே இல்லாத ஏரி

நெமிலிச்சேரி,
18-9-1993

சிரஞ்சீவி மைத்துனர் பாஸ்கரனுக்கு, மாமா பக்தவத்சலம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா ஜெகதாம்பாளும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத மனசு வரவில்லை.

ஆவடிக்கு மாற்றலாகி வருவதாகவும், நம் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டினால் குடும்பத்தோடு வந்துவிடுவதாகவும் எழுதியிருந்தாய். பேங்கில் லோன் கேட்டிருக்கிறேன், அது தடையில்லாமல் கிடைத்துவிடும். ஆனால் நீ வராதே. குடிக்கத் தண்ணீர் இருக்காது. நம் தெருக்கோடி ஏரி போகப்போகிறது. அதைக் கொன்றவன் நான்தான் என்று தெருவே சொல்கிறது.

ஆடி மாதம் வசந்தகுமாரி என்று ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார்கள். ஏரி நம் கிணற்றுக்கு நீர் ஊறவைக்கிறது, மழை வெள்ளத்தைத் தாங்குகிறது, மாட்டுக்குப் புல், ஜனங்களுக்கு மீன் என்று என்னென்னவோ தருகிறது, இதற்கெல்லாம் ரூபாயில் மதிப்புப் போட்டுக் காட்டினால் மேலே இருக்கிறவர்கள் கரையைப் பலப்படுத்தி, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தெருக்காரர்களிடமே கொடுப்பார்கள் என்றார்கள். வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "இந்த ஏரி இப்படியே இருக்க நீங்க எவ்வளவு தருவீங்க?" நான் நலச் சங்கத் தலைவர் இல்லையா, கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? ஒருத்தன் அஞ்சு ரூபா என்பான், ஒருத்தன் அம்பது என்பான், நம்ம தெரு மானம் இன்னா ஆவறது? எல்லாரையும் ரேஷன் கடை வாசலில் கூட்டி, ஏரிக்கு ரேட்டு சொல்றது கேவலம், யார் கேட்டாலும் ஒரே குரலில் "இதுக்கு விலையே கிடையாது"ன்னு சொல்லணும் என்று பேசினேன். கைதட்டல் வேறு! உன் அக்கா மட்டும், "வெலையே இல்லன்னா ஓசின்னு தூக்கினு பூடுவான்யா" என்றாள். உனக்குத் தமிழ் நயம் தெரியாது, சும்மா கெட என்று அதட்டி, மாவு அரைக்கும்போதெல்லாம் அவளையும் ஒப்பிக்க வைத்தேன்.

அத்தனை பேரும் அட்சரம் பிசகாமல் சொன்னாங்கப்பா. பூந்தமல்லியில் இரும்புக் கடை வைத்திருக்கிற நம்ம எதிர்வீட்டு ஹாஜா மொய்தீன் பாய் மட்டும், "மொதல்ல நீங்க எவ்ளோ எதிர்பாக்கிறீங்க, அத்த சொல்லுங்கோம்மா" என்று பேரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா அவர் பேருக்கு நேரே 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். மீதிப் பேர் கதை பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தது: 'ஏரிக்கு மக்கள் தரும் மதிப்பு: பூஜ்யம்.' ஐயோ பாவி என்று அந்த அம்மாவைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "ஃபாரத்துல இருக்கற கட்டத்துல நம்பர் மட்டும்தான் சார் போட முடியும். விலை கிடையாதுன்னா சைபர்தானே?" என்கிறார்கள்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டு ஆனந்தன்னு ஒரு மனை வியாபாரி வந்துட்டான். மதிப்பே இல்லாத ஏரியைத் தூர்த்தா யாருக்கு நஷ்டம்னு கேக்கிறான். லாரி லாரியா மண்ணு கொட்டறான். ஏரிக்குள்ளயே மனைக் கல்லு நட்டு, 'லேக் வியூ நகர்'னு போர்டும் வெச்சிட்டான். ஏரியே பூட்ச்சின்னா எத்தடா வியூ பண்றதுன்னு கேட்டேன், சிரிக்கிறான். நம்ம கெணத்துல தண்ணி ரெண்டு ஒறை ஆழத்துக்குக் கீழ எறங்கிப் போச்சு, வர்றதும் சேத்துத் தண்ணி. டீக்கடையில என் பேரு சைபர் பக்தவத்சலம். ராத்திரியில தூக்கம் இல்ல பாஸ்கரா. வாயை மூடிகினு ஒரு பத்து ரூபா சொல்லியிருந்தா ஏரி பொழச்சிருக்கும். மேடை கெடச்சுதேன்னு பேசினேன், தெரு தாகத்துல சாவப்போவுது. சங்கத் தலைவர் பதவியை ராஜினாமா செஞ்சிட்டேன், அதையும் யாரும் வேணாம்னு சொல்லல.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் எங்கிருந்தாலும் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் இருக்க வேண்டுமென்று பெருமாளை வேண்டும்,
பக்தவத்சலம்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் போட மறந்து ஒரு மாசம் சட்டைப்பையிலேயே கிடந்ததுக்குள்ள எல்லாம் தலைகீழ். மனை வாங்க வந்தவங்க பேங்குல லோன் கேட்டாங்களாம். மேனேஜர் அதே காகிதத்தைக் காட்டி, மதிப்பு பூஜ்யம்னு போட்ட எடத்துக்கு எவன் லோன் குடுப்பான்னு தொரத்திட்டாராம். ஆனந்தன் கல்லைப் புடுங்கினு ஓடிட்டான். தெருவே எனக்கு மாலை போட்டுச்சு. அந்த மாலையோட நம்ம மாடி லோனுக்குப் பேங்குக்குப் போனேன். மேனேஜர் அந்தக் காகிதத்தோட வந்திருந்த வரைபடத்தை விரிச்சார். பூஜ்யம்னு ஏரிக்கு அடிச்ச அதே பச்சைக் கலர்ல, ஏரியை ஒட்டி இருக்கற நம்ம ஊடும் கீது. "உங்க வீட்டுக்கும் சைபர்தான் சார்" என்றார். மண்ணு லாரி நின்னு மழையும் பேஞ்சதுல, கெணத்துல தண்ணி தெளிஞ்சு, நல்லா ஏறி நிக்குது. நீ தாராளமா வா. எங்க படுக்கிறதுன்னு மட்டும் கேக்காத.