குலவை கேட்டு நகர்ந்த மேடை

இந்நிகழ்வை எழுத்தில் பதிந்து வைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்துவிட்டது. எங்கள் சின்னமனூர் வீதிக் கலைவிழாவில் நடந்தது என்ன என்பது பற்றி ஊரில் பல வழக்குகள் உலவுகின்றன. நான் டிராக்டரைக் கடத்திச் சென்றேன் என்பது தேநீர்க்கடை வழக்கு. எனக்கு அருள் வந்தது என்பது தெற்குத் தெருப் பெண்டிர் வழக்கு. உரையை முடிக்க மறுத்ததால் மேடையோடு அப்புறப்படுத்தப்பட்டேன் என்பது என் உடன்பிறந்த தங்கையே பரப்பி வரும் வழக்கு. இவை போதாவென்று, கைப்பேசிகளில் சுற்றிவரும் காணொளி ஒன்றில் நான் மாலையும் பொன்னாடையுமாக இரு கைகளையும் உயர்த்தியபடி வீதியில் மிதந்து செல்கிறேன். அதற்குப் பின்னணியில் யாரோ ஒரு புண்ணியவான் நாதசுரம் சேர்த்திருக்கிறார். கல்லூரியில் தமிழும் கல்வெட்டும் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் தன் வரலாற்றைப் பிறர் நாதசுரத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருத்தல் முறையன்று. எனவே எழுதுகிறேன்.

ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குக் காலம் தோன்றாது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். விழாக்குழுச் செயலர் கதிரேசன் என் பழைய மாணவர். என் வகுப்புகளில் நெடுநேரம் உறங்கியவர் ஆதலின் என் திறம் அறிந்தவர். தலைமையுரைக்கு அழைக்க வந்தபோதே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அய்யா, அஞ்சு நிமிசம் பேசுனாப் போதும். நீங்க முடிச்சதும் கோலப் போட்டிக்கு நடுவர்மாரு வந்துருவாக."

"ஐந்து மணித்துளியில் வணக்கம் கூறவே இயலாது, தம்பி."

"அப்ப வணக்கத்த மட்டும் வீட்டுலயே சொல்லிட்டு வந்துருங்கய்யா."

இந்தக் கோலப் போட்டிதான் என் வீட்டில் அவ்வாண்டின் தலையாய சிக்கல். முந்தைய விழாவில் என் மனைவி சிவகாமி வண்ணப்பொடியால் ஒரு மயில் வரைந்தாள். எங்கள் பள்ளத்தாக்கின் காற்றை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையிடுக்கிலிருந்து ஒரு வீச்சு வந்தது. தோகை முழுவதும் எழுந்து பறந்து, பக்கத்தில் என் தங்கை பொன்னுத்தாய் போட்டிருந்த வெறும் தாமரையின்மேல் படிந்தது. நடுவர்கள் அந்த நிறக்கலவையைக் கண்டு வியந்து தங்கைக்கு முதற்பரிசு அளித்தார்கள். சிவகாமிக்கு மொட்டை மயில் மிஞ்சியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொன்னுத்தாய் என்ற பெயர் வரும்போதெல்லாம் பாத்திரங்கள் சற்று உரக்க வைக்கப்பட்டன.

இம்முறை சிவகாமி காற்றை வெல்லும் வழி கண்டிருந்தாள். பொடியை விடுத்துக் கல்லுப்பு. அதில் சாயமேற்றி, விடியுமுன்பே வீதியில் அமர்ந்து, ஒரு திராட்சைப் பந்தலையே விரித்துவிட்டாள். கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழங்கள். ஓரத்தில் அவற்றைக் கொத்தவரும் கிளி. நான் விழாவுக்குச் சென்றபோது அவள் இன்னும் காப்பி குடித்திருக்கவில்லை. பக்கத்து இடத்தில் தங்கை வாய் நிறைய வெற்றிலையுடன் தன் கோலத்துக்குச் செம்மண் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, இந்த வருசம் உப்புலயா. அப்ப சாயங்காலம் கூட்டி அள்ளிக் கொழம்புல போட்டுறலாம்."

"ஒன் கோலத்துக்குப் பறந்து வர்றதுக்கு இந்த வருசம் ஒண்ணுமில்ல பொன்னு. வேணும்னா கேட்டு வாங்கிக்க."

பிறகு சிவகாமி என் பக்கம் திரும்பினாள். "இந்தாங்க, நீங்க பேசி எறங்குனாத்தேன் நடுவருக வருவாகளாம். வெயில் ஏறுனா சாயம் வெளுத்துரும். மேல ஏறுனது மாதிரியே சுருக்கா எறங்கிருங்க."

வாக்களித்தேன். அந்த வாக்கு உண்மையானது. பின்னர் நடந்ததற்கு அது பொறுப்பன்று.

மேடை வீதியின் கீழ்க்கோடியில் இருந்தது. கோலங்கள் மேல்கோடியில். மேடை என்பது வாழைத்தார் ஏற்றும் ஒரு டிரெய்லர்தான். (இழுவை ஊர்தி, பிணைப்பு ஊர்தி என்று எழுதுவதே என் கட்சி. ஆனால் அப்படி எழுதினால் வண்டி எது, மேடை எது என்று எனக்கே குழம்புகிறது.) பக்கப் பலகைகளை இறக்கிச் சமுக்காளம் விரித்து, வாழைமரமும் கட்டியிருந்தார்கள். டிராக்டர் அதனோடு பூட்டியபடியே மேற்கு நோக்கி நின்றது. அதன் மின்கலம் நோயாளி. ஒருமுறை நிறுத்தினால் பிறகு பலர் தள்ளவேண்டும். எனவே ஓட்டுநர் தங்கப்பாண்டி இயந்திரத்தை உறுமவிட்டபடி, எங்களுக்கு முதுகுகாட்டி இருக்கையில் அமர்ந்திருந்தார். அந்த உறுமலில் அவர் காதுக்கு மேடைப் பேச்சு ஒரு சொல்லும் எட்டாது. எட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதைப் பின்னர்க் கூறுவேன்.

கீழே பறையும் ஒயிலாட்டமும் ஓய்ந்து, கும்மிக் குழுப் பெண்டிர் முன்வரிசையில் நின்றார்கள். விழாக்குழுவினர் என் நெற்றியில் சந்தனமிட்டு, ஆளுயர ரோசாமாலை சூட்டிப் பச்சைப் பட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அத்தருணத்தில், மங்கலமாக, கும்மிப் பெண்டிர் நாவைச் சுழற்றி ஒரு குலவை இட்டார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. மேடையும் சற்றுச் சிலிர்த்ததுபோல் இருந்தது. உணர்ச்சிவயப்பட்டிருப்பதாக எண்ணிக்கொண்டேன்.

நான் உணர்ச்சிவயப்பட்டால் கண்களை மூடிக்கொண்டு பேசுவேன். "பைந்தமிழ்ப் பள்ளத்தாக்கின் பெருமக்களே" என்று தொடங்கினேன். குலவை எழுந்தது. இதுகாறும் என் முதல் வரிக்குக் கொட்டாவியே மறுமொழியாக வந்து பழகியவன் நான். உள்ளம் பொங்கியது. முல்லையாற்றைப் பாடினேன், குலவை. சுருளி அருவியை வருணித்தேன், நெடுங்குலவை. என் சொல்லாற்றல் இத்தனை ஆண்டுகள் தவறான இடங்களில் வீணடிக்கப்பட்டுவிட்டது என்ற தெளிவு அப்போது பிறந்தது. கல்லூரி மாணவர்க்கு என்ன தெரியும்? என் உரை கும்மிப் பெண்டிருக்காகவே படைக்கப்பட்டது.

இடையில் ஒருமுறை கண் திறந்தேன். தொடங்கும்போது எதிரே தேநீர்க்கடை இருந்த நினைவு. இப்போது அங்கே மருந்துக்கடை இருந்தது. காலை உணவு உண்ணாத மயக்கம் என்று மீண்டும் மூடிக்கொண்டேன். (சொன்னா நம்ப மாட்டீக, சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.) அடுத்த முறை திறந்தபோது ஒரு வீட்டு வாசலில் இருந்த அம்மையார் குடம் நிறைய மஞ்சள்நீரைச் சக்கரத்தின் முன்னே ஊற்றினார். அதற்கடுத்த வீட்டார் தேங்காய் பழத் தட்டை என்னிடம் நீட்டினர். வாங்கிக்கொண்டேன். தலைமையேற்பவருக்குச் செய்யும் புதிய மரபு போலும் என்று பாராட்டவும் செய்தேன். தட்டு நீட்டிய கை மெல்லப் பின்னோக்கிச் சென்று மறைந்தபோதுதான், செல்வது கையன்று, நான் என்பது விளங்கிற்று.

திரும்பிப் பார்த்தேன். வீதி முழுவதும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. தொலைவில் வண்ண வண்ணமாகக் கோலங்கள். அவற்றுள் முதலாவது, கருநீலத்தில், ஓரத்தில் கிளியுடன். அதன் அருகில் இடுப்பில் கைவைத்தபடி என் வாழ்க்கைத் துணை.

நடந்ததை இன்று என்னால் கோவையாக விளக்க முடியும். அந்த டிரெய்லர் ஆண்டுதோறும் அம்மன் கோவில் சப்பரத்தைச் சுமக்கும் வண்டி. தங்கப்பாண்டி அதன் நிலையான ஓட்டுநர். சப்பரம் ஊர்வலம் போகையில் பின்னால் நடப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. ஆதலால் குலவை எழுந்தால் வண்டியை எடுப்பதும், ஓய்ந்தால் நிறுத்துவதும் அங்கே வழிவழியாக வந்த ஏற்பாடு. பொன்னாடைக்கு எழுந்த முதற்குலவைக்கு அவர் வண்டியை எடுத்துவிட்டார். மாலை சூடிய உருவம் ஒன்று டிராக்டரில் அசைந்து நகர்வதைக் கண்டால் குலவையிட்டே பழகியவை எங்கள் பெண்டிரின் நாவுகள். ஆகவே அவர்கள் குலவையிட்டார்கள். குலவை கேட்டு அவர் நகர்த்தினார். நகர்ந்ததைக் கண்டு அவர்கள் உடன் நடந்தபடி மீண்டும் குலவையிட்டார்கள். இச்சுழலில் என் சொல்லாற்றலுக்கு யாதொரு பங்கும் இல்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு சற்று வலிக்கிறது.

"நிறுத்துங்கள்" என்று முழங்கினேன். உரையின் உச்சம் என்று கருதி இடியெனக் குலவை. வண்டி விரைந்தது. நிறுத்துமாறு உள்ளங்கைகளை உயர்த்திக் காட்டினேன். அஃது அருள்பாலிக்கும் கோலமாய் அமைந்தது போலும். இரண்டு மூதாட்டியர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். காணொளியில் இருப்பது இக்கட்டமே. கதிரேசன் பக்கத்தில் ஓடிவந்தபடி ஏதோ கத்தினார்.

"என்ன சொல்கிறீர்?"

"அஞ்சு நிமிசம் ஆச்சுங்கய்யா."

அதற்குள் சிவகாமி கோலத்தின்முன் வந்து இரு கைகளையும் விரித்து நின்றுவிட்டாள். சப்பரத்தின்முன் அருள் வந்து கைவிரித்து நிற்போரைக் கண்டு பழகிய தங்கப்பாண்டி அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் பந்தலுக்கும் டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் இடையே நான்கு வீடுகள். பிறகு மூன்று. மொட்டை மயிலின் நினைவு என் கண்முன் வந்தது. இவ்வாண்டும் அவள் தோற்றால், அதுவும் என் மேடையால் தோற்றால், எஞ்சிய வாழ்நாளில் எனக்குக் காப்பி ஆறியே கிடைக்கும்.

அக்கணத்தில் எனக்குள் ஓர் ஒளி. இவர்கள் குலவையை நிறுத்த வேண்டும். அதற்குக் களிப்பு வற்ற வேண்டும். களிப்பை வற்றச் செய்யும் கருவி ஒன்று இவ்வுலகில் என்னிடம் மட்டுமே உள்ளது. ஒலிவாங்கியை இறுகப் பற்றி, என் வாழ்நாள் ஆய்வான கல்வெட்டு நில அளவைகள் பற்றிய பேருரையைத் தொடங்கினேன்.

"குழி எனப்படுவது யாதெனின், கோலின் நீளத்திற்கேற்ப வட்டாரந்தோறும் வேறுபடுவது. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இனி, காணியின் கீழ்க்கூறுகளைக் காண்போம். முந்திரி என்பது..."

முதலில் குலவையின் ஓரம் கிழிந்தது. "கீழ்முந்திரி" என்றேன், பாதி நாவுகள் அடங்கின. "கீழ்முந்திரியின் கீழ்க்கூறுகள்" என்றேன். பறைக் குழுவினர் அமர இடம் தேடினர். பொன்னுத்தாய் வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்தினாள். கதிரேசன், ஓடிக்கொண்டிருந்தவர், பழைய வகுப்பறை நினைவில் கண் செருகி நடையாகத் தளர்ந்தார். வீதி முழுவதும் ஆழ்ந்த அமைதி. வண்டி நின்றது. முன்சக்கரத்துக்கும் கிளியின் மூக்குக்கும் இடையே ஒரு சாண். (நெல அளவை படிச்சவன் சொல்றேன், ஒரு சாண்தான்.)

என் வாழ்வில் என் ஆய்வு ஒருவருக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான். சிவகாமி சக்கரத்தைப் பார்த்தாள். கிளியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திருமணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்த மகிழ்ச்சியின் உச்சத்தில், அந்த முழு அமைதியில், எங்கிருந்தோ ஒரே ஒரு குலவை, தனியாக, கணீரென்று எழுந்தது.

வண்டி புறப்பட்டது.

சிவகாமி துள்ளி ஒதுங்கினாள். கல்லுப்பு நறநறவென்று நொறுங்கும் ஒலியை நான் மேலிருந்து கேட்டேன். கிளி போயிற்று. பந்தலின் நட்டநடுவே இரண்டு பட்டைத் தடங்கள். முன்சக்கரம் பந்தலைக் கடந்ததும் குலவை ஓய்ந்தது. ஓட்டுநரும் ஒழுங்காக நிறுத்தினார், என் தங்கையின் கோலத்துக்கு ஒரு முழம் முன்பாக.

இறங்கிச் சென்று அவரிடம் கேட்டேன். "ஏன் தம்பி நகர்த்தினீர்?"

"கொலவ போட்டாகல்லய்யா. போட்டா எடுக்கணும், விட்டா நிப்பாட்டணும். எங்கப்பா காலத்துலருந்து சப்பரத்துக்கு அதுதேன் கணக்கு."

"நான் சப்பரமா?"

அவர் என் மாலையையும் பொன்னாடையையும் கையிலிருந்த தேங்காய் பழத் தட்டையும் நிதானமாகப் பார்த்தார். "இப்ப எறங்கி நிக்கிறப்பத் தெரியலய்யா. மேல நிக்கிறப்ப அப்பிடித்தேன் இருந்துச்சு."

பொன்னுத்தாய்க்கு மீண்டும் முதற்பரிசு. விழாக்குழுவினர் அன்று முன்பின் அறிவிக்காத 'சிறந்த ஊர்வலம்' என்றொரு பரிசைப் புதிதாகத் தோற்றுவித்து, ஓர் எவர்சில்வர் குடத்தை எனக்கும் தங்கப்பாண்டிக்கும் கூட்டாக வழங்கினார்கள். சிவகாமி தன் உப்பைக் கூட்டி அள்ளி அந்தக் குடத்தில்தான் போட்டு வைத்திருக்கிறாள். தங்கப்பாண்டி தம் பாதியைக் கேட்க இன்னும் துணியவில்லை.

அன்றுமுதல் இப்பக்கத்தில் எவர் என்னை உரையாற்ற அழைத்தாலும், நான் அமரும் நாற்காலியின் காலுக்குக் கீழே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுக்கிறார்கள். தளம் போட்ட மண்டபமானாலும் அப்படித்தான். வீட்டிலோ நிலைமை வேறு. உணவு வேளையில் என் பேச்சு நீண்டால் ஒருவரும் குறுக்கிடுவதில்லை, மெதுவாகக் குலவையிடுகிறார்கள். நான் எழுந்து கை கழுவச் சென்றுவிட வேண்டும்.

எஞ்சியிருப்பது ஓர் ஆய்வுச் சிக்கல். அந்தக் கடைசிக் குலவையை இட்டவர் யார்?

"நா வாயத் தொறக்கவே இல்ல. பொன்னுதேன் போட்டா. பொறாமக்காரி" என்பது சிவகாமியின் கூற்று.

"அய்ய, எனக்கு வாய் நெறய வெத்தல. வெத்தலய வச்சுக்கிட்டு எவளாச்சும் கொலவ போடுவாளாண்ணே. மதினிதேன் சந்தோசத்துல போட்டுட்டாக" என்பது தங்கையின் கூற்று.

இருவருக்கும் நடுவில் வாழ வேண்டியவன் என்ற முறையில் இதுவரை நான் தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் நேற்று மாலை இக்கட்டுரையை முழுமையாகச் சிவகாமிக்குப் படித்துக் காட்டினேன். குழி, மா, வேலி என்னும் இடத்தில் இப்போதுள்ளதினும் விரிவாக நான்கு பத்திகள் எழுதியிருந்தேன். இரண்டாம் பத்தியில் அடுக்களையிலிருந்து ஒரு குலவை எழுந்தது, தனியாக, கணீரென்று. பத்திகளை நீக்கிவிட்டேன். அந்தக் குரலை மட்டும் நன்கு அடையாளம் கண்டுகொண்டேன். முதுமையில் செவி பிழைபடுதல் இயல்பு; அன்று வீதியில் உடனிருந்த அன்பர்கள் இதிலோ பிறவற்றிலோ பிழை காண்பின், என் மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்து திருத்தியருள வேண்டுகிறேன்.