சக்குபள்ளத்தில் ஒரு கடல் விபத்து

என் வாழ்க்கையில் எனக்கு நேர்ந்த ஒரே கடல் விபத்து சக்குபள்ளத்தில் நடந்தது. (சக்குபள்ளம் தெரியாதவர்களுக்கு: இடுக்கியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் ஏலத்தோட்ட ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் அரை நாள் இறங்க வேண்டும்.) இதை வெளியே சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

அப்போது நான் கொச்சியில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற வர்கீஸ் சார்தான் படகுக்குச் சொந்தக்காரர், கேப்டன், எங்களுக்கு வாத்தியார், எல்லாம். அந்த வருஷம் லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்பும் நான்கு நாள் பந்தயத்தில் எட்டாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார். மலையிலிருந்து வந்த தோட்டக்காரர் மகளுக்கு நடுக்கடலில் ஒரு இடம்! ஒரு வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் பாதுகாப்புச் சாமான்களைக் கட்டுவார்கள். தூரப் பந்தயம் என்றால் விதிகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஆளுக்கொரு மிதவைச் சட்டை. அதில் விசில், விளக்கு, தொடைக்கு நடுவே கட்டும் வார், மேலே பெயர். இன்னும் கத்தி, வாளி, ஓட்டை அடைக்க மரக்கட்டை என்று நீண்டுகொண்டே போகும். சனிக்கிழமை சோதனை. ஒன்று குறைந்தாலும் படகு கிளம்பாது. நான் அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் மறைக்கல்வித் தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

சட்டைகளில் பெயர் எழுதுகிற வேலை மட்டும் பாக்கி. அதற்குள் ஊரில் மாதா கோயில் திருநாள் வந்துவிட்டது. "வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிக்கிட்டு வர்றேன் சார்" என்று எட்டுச் சட்டைகளையும் மூட்டை கட்டினேன். கொச்சியில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம். அப்பாவிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான் கொண்டுபோனேன், வேறு காரணமே கிடையாது.

அப்பா ஒரு ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, இரும்புக் குழாய் வழியாக விறகுச் சூட்டை விட்டு உலர்த்துகிற கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. குளத்தைக் கண்டாலே நான்கடி தள்ளி நடப்பார். நான் பட்டியலை வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

"விசில் எதுக்குத்தா?"

"தண்ணியில விழுந்தா ஊதணும்ப்பா."

"நடுக்கடல்ல ஊதுனா எவன் கேப்பான்? சரி, இந்த வாளி?"

"உள்ள தண்ணி வந்தா அள்ளி ஊத்த."

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "மரக்கட்டை?"

"போட்டுல ஓட்டை விழுந்தா அடைக்க."

"அப்ப ஓட்டை விழும்னு அவனுகளுக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போறானுக." டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "நீ போய்த்தான் ஆகணுமா பாப்பா?" என்றார்.

"போய்த்தான் ஆகணும்" என்றேன், நாலு கடலைத் தாண்டியவள் மாதிரி.

பெயர் எழுத உட்கார்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. வரும் வழியெல்லாம் மழை. பஸ் ஜன்னல் ஒழுகி மூட்டை நமுத்துப்போயிருந்தது. எழுதிய மை துணியில் பரவியது. வெள்ளிக்கிழமை விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வியாழன். எங்கள் ஊர் மழையில் கைக்குட்டை காயவே மூன்று நாள் ஆகும்.

"இதுக்கா கண்ணக் கசக்குற? ஸ்டோர்ல போடு. நம்ம ஸ்டோர்ல காயாத சாமான் உண்டா?" என்றார் அப்பா.

மலைக்காரர்களுக்கு எந்த ஈரத்துக்கும் ஸ்டோர்தான் மருந்து. பள்ளிக்கூட யூனிஃபார்ம், மெத்தை, ஒருமுறை பாதிரியாரின் அங்கி வரைக்கும் அங்கே காய்ந்திருக்கிறது. எனக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டைகள் தண்ணீரில் விழுந்தால் தானே ஊதிக்கொள்ளும் ரகம். உள்ளே மாத்திரை மாதிரி ஒரு வில்லை இருக்கும். அது கரைந்தால் ஒரு ஊசி பாய்ந்து காஸ் குப்பியைக் குத்தும். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு சட்டையின் உள்பக்கத்திலும் தைத்து வைத்திருக்கிறார்கள். விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்த மகராசி நான் அந்தத் துண்டுச் சீட்டைப் படிக்கவில்லை. அன்று பறித்த காயை அப்போதுதான் தட்டில் ஏற்றியிருந்தார்கள். பச்சைக்காய் ஏற்றிய முதல் சில மணி நேரம் ஸ்டோருக்குள் இட்லிப் பானைக்குள் இருப்பது போலத்தான் இருக்கும்.

ஏழு சட்டைகளைத் தட்டுகளுக்கு மேலே கம்பியில் மாட்டினேன். எட்டாவதை அப்பா கேட்டு வாங்கினார். "போட்டுப் பாக்கேன். எம்புள்ள உயிரு இதுலதான நிக்கப் போவுது."

நான் விதிப்படி மாட்டிவிட்டேன். "தொடை வாரைக் கட்டலேன்னா சட்டை மட்டும் மேல மெதக்கும்ப்பா, ஆளு கீழ போயிருவான்."

"அப்ப நல்லா இறுக்கிக் கட்டு" என்றார். இறுக்கினேன். அப்படியே சூடு எப்படி இருக்கிறதென்று பார்க்க உள்ளே போனார்.

பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். நான் எழுந்திருப்பதற்குள் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. காய் பொறுக்கிக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா, "ஏசுவே! குண்டு!" என்று முறத்தை வீசிவிட்டு ஓடினார். ஸ்டோருக்குள்ளிருந்து தட்டுகள் சரியும் சத்தம். அதற்கப்புறம் ஒரு விசில்.

கதவைத் திறந்தேன். ஆவிக்கு நடுவே ஏழு மஞ்சள் பூதங்கள் உப்பிக்கொண்டு தொங்கின. தட்டு அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் எட்டாவது பூதம் வசமாகச் சிக்கியிருந்தது. அதற்கு மேலே அப்பாவின் தலை. தாடை இரண்டு பக்கமும் நெருக்குண்டு வாயைத் திறக்க முடியாமல், கண்கள் பிதுங்க, விசிலை மட்டும் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். தோளில் விளக்கு வேறு மின்னி மின்னி எரிந்தது. நடுக்கடலில் இருந்திருந்தால் ஹெலிகாப்டரே வந்திருக்கும். அத்தனை கச்சிதம்.

இழுத்தேன், அசையவில்லை. வாரைக் கழற்றலாமென்றால், நான் கட்டிய கட்டு அது. மூட்டையிலிருந்த கத்தியை எடுத்தேன். கத்தி எந்த இடத்தை நோக்கி வருகிறது என்று பார்த்ததும் அப்பா ஊதிய விசிலை சக்குபள்ளம் இன்னும் மறந்திருக்காது. என் மூளையில் பட்டியல் மட்டும்தான் ஓடியது: விசில், விளக்கு, வார், பெயர். ஊதிய காற்றை எப்படி இறக்குவது என்று அதில் எங்குமே இல்லை.

ஓடிப்போன பாக்கியம் அக்கா திரும்பி வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். தோள் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் விரலைவிட்டு அழுத்தினார். உஸ்ஸென்று காற்று இறங்கியது. "சைக்கிள் டியூப்பு மாதிரித்தான இருக்கு. இதுக்குப் போயி அப்பனைக் குத்தப் பாக்கியே" என்றார்.

சாயங்காலம் வரை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிதறிய காயைப் பொறுக்கினோம். அப்பா நசுங்கிய காயை மட்டும் தனியே எடுத்து என் முன்னால் குவித்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மீதி ஏழையும் கேப்டனுக்குக் காட்டலாமென்று அப்படியே வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தேன். விடிகாலையில் பார்த்தால் ஆறு சட்டைகள் கும்மென்று இருந்தன. ஒன்று மட்டும் சப்பிப்போய்க் கிடந்தது. தையல் ஓரத்தில் எங்கோ கசிவு. எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சின்ன அளவு. எனக்கென்று ஒதுக்கியது.

பஸ்ஸுக்குக் கிளப்பிவிட வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார். "இது யாருது பாப்பா?"

அவர் கழுத்தில் சட்டை நெரித்த தடம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. "கேப்டன் சாரோடது" என்றேன்.

கொச்சியில் வர்கீஸ் சார் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சட்டை ஒன்றை முகர்ந்து பார்த்தார். "ஏலக்கா வாசனை கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார். ஏழு சட்டைகளுக்குப் புதுக் குப்பியும் வில்லையும் கிடைத்தன. என் அளவில் வேறு சட்டை கிடைக்கவில்லை. அளவான சட்டை இல்லாத ஆளுக்குப் படகில் இடமில்லை என்பது விதி. அதை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான்.

ஏழு பேர் போனார்கள். நான் படகுத்துறையில் நின்று கையாட்டிவிட்டு, அந்தச் சப்பிப்போன சட்டையை மடியில் போட்டுக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடித்தபின்தான் உறைத்தது. ஸ்டோர் மட்டும் இல்லாவிட்டால் நான் அதைப் போட்டுக்கொண்டு இந்நேரம் கடலில் இருந்திருப்பேன். மடியிலிருந்த சட்டையைத் தூரத் தள்ளிவிட்டேன். அப்பாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். "அடடா" என்று வருத்தப்பட்டார். அவ்வளவு சந்தோஷமான வருத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அடுத்த வருஷம் போனேன். துண்டுச் சீட்டு உட்பட அத்தனையையும் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் என் பொய் அதற்குள் எங்கள் வீட்டில் வேரூன்றிவிட்டது. ஓட்டைச் சட்டையோடு நான்கு நாள் கடலில் சுற்றியவர் என்று அப்பாவுக்குக் கேப்டன்மேல் தாங்க முடியாத கவலை. வருஷா வருஷம் திருநாள் பூசையில் அவருக்காக ஒரு வேண்டுதல் வைப்பார். வீட்டில் யாராவது ஹெல்மெட் இல்லாமல் பைக் எடுத்தால் "வந்துட்டாருடா கேப்டன்" என்பார்.

போன திருநாளுக்கு வர்கீஸ் சாரே நேரில் வந்தார். அப்பா வாசலுக்கே ஓடி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், இப்பவாச்சும் அந்தச் சட்டைய மாத்துனீங்களா? வெளிய தெரியாத ஓட்டை சார் அது. பெத்தவங்க இருந்தா உங்கள விட்டுருப்பாங்களா?"

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிய ஒரு நொடி போதுமாக இருந்தது.

"மாற்றி" என்றார் சார். "அன்னைக்கே மாத்தியாச்சு. இனி பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம்."

"அதான் சார் வேணும்" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு டீ போடச் சொன்னார்.