பொருளாதாரத்துக்கு நான் செய்த சேவை

மாநிலத்தில் சில்லறை வணிகமும் வேலைவாய்ப்பும் ஒரே மாதத்தில் உயர்ந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்களே, அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். வேலை கேட்டு வாயைத் திறக்காமலே இதைச் சாதித்தேன்.

ஒரு துணிக்கடையில், குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்தேன். வாங்க வருகிறவர்களே துணியைத் தேடி எடுத்து, அவர்களே பில் போட்டுக்கொள்ளும் மெஷின் வந்தது. அதுதான் இப்போது நாகரிகமாம். எங்களை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போனது.

"முதலாளியப் பாத்து வேலை கேளு. சும்மா சிரிச்சிட்டு வந்துடாத" என்று அத்தை சொல்லி அனுப்பினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். முதலாளியைப் பார்த்தேன். சிரித்தேன்.

"என்னம்மா, துணி எடுக்க வந்தியா?"

நான் ஆட்டவில்லை, தலை தானாக ஆடிவிட்டது.

வேறு வழியில்லாமல் குழந்தைகள் பிரிவுக்குப் போனேன். சட்டையெல்லாம் கலைந்து கிடந்தன. கை சும்மா இருக்குமா? மடிக்க ஆரம்பித்தேன். கழுத்தில் அட்டை தொங்க ஓர் அதிகாரி வந்து நின்றார்.

"வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு. இங்க வேலை பாக்குறீங்களா?"

"இல்ல சார்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"மடிக்கிறேன் சார்."

"அது வேலையா, விளையாட்டா?"

"வேலைதான். ஆனா சம்பளம்..."

"சம்பளம் வேற துறைம்மா. நான் வேலைய மட்டுந்தான் எண்ணுவேன்."

எண்ணினார். எனக்குப் பிறகு, தானே பில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எண்ணினார். அளவு தேடிக்கொண்டிருந்த தம்பதியை எண்ணினார். ஆள் குறைத்த கடையில் ஒரு மணி நேரத்தில் ஆள் பெருகிவிட்டது. வெறுங்கையோடு வெளியே போகக் கூச்சப்பட்டு நான் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கினேன். விற்பனையும் உயர்ந்தது.

"வேலை கெடைச்சுதா?" என்றார் அத்தை.

"கெடைச்ச மாதிரிதான் அத்தை."

"மாதிரின்னா?"

சாக்ஸைக் காட்டினேன். அத்தை குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். கல்லாவுக்கு மேலே, அதிகம் பேருக்கு வேலை கொடுத்த கடை என்று பாராட்டுப் பத்திரம் தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டேன்: "முதலாளி, எனக்கு வேலை வேணும்!"

முதலாளி பதறிப்போனார். "ஏம்மா, நீதான் கணக்குப்படி இங்க வேலை பாக்குறியே! ஒரே ஆள ரெண்டு தடவ சேத்தா அது மோசடி இல்லையா? நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. என் புத்தி அவ்வளவுதான்.

வெளியே போகத் திரும்பியபோது ஓர் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ இங்க வேலை பாக்குற பொண்ணுதானே? மூணு வயசுக்குச் சட்டை எங்கம்மா இருக்கு?"

எடுத்துக் கொடுத்தேன்.

"நல்லா இரும்மா. நானும் போன மாசம் வரைக்கும் செருப்புக் கடையிலதான் இருந்தேன்" என்றவர், பேசிக்கொண்டே பக்கத்தில் கலைந்து கிடந்ததை மடிக்க ஆரம்பித்தார்.