இலவச ஸ்ட்ரைக்

1991-இல் சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு தொழிற்சாலையில் டில்லிபாபு என்ற ஃபிட்டர் நாலு வருஷமாக டெம்பரரியாகவே இருந்தான். அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம், சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர்ஸ் கிளார்க் ஸ்டீவ் நடத்திய விளையாட்டு. ஸ்டீவின் கப்பல்கார மாமா கொண்டுவந்தது. காகிதம், பகடை, ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம்; மற்றதெல்லாம் வாய்ச்சண்டை. டில்லிபாபு அதில் வாள்வீரன். எதிரில் ஸ்டீவ் ஆட்டிவைக்கும் கற்பனை அரக்கன்.

ஆறு வாரம் அடிவாங்கிய அரக்கன் அன்று முதுகைக் காட்டி ஓடினான்.

"வெட்டுறேன்!" என்றான் டில்லிபாபு.

"உன் முறை முடிஞ்சிபோச்சிப்பா," என்றான் ஸ்டீவ்.

"புக்குல இன்னா போட்டுக்கீது? ஓடுறவன் மேல ஒரு ஃப்ரீ ஸ்ட்ரைக் உண்டா இல்லியா?"

கேண்டீனே திரும்பிப் பார்த்தது. ஒரு மணி நேரத்தில் பர்சனல் ஆபீசர் இராமச்சந்திரனிடமிருந்து மெமோ வந்தது: 'தாங்கள் ஸ்ட்ரைக் செய்யவிருப்பதாகவும், அதையும் இலவசமாகச் செய்யவிருப்பதாகவும் நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு வந்துள்ளது.'

விசாரணையில் டில்லிபாபு புத்தகத்தையே நீட்டினான்.

"ஸ்ட்ரைக்குன்னா இதுல வெட்டுறது சார்."

இராமச்சந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சுற்றுக்கு ஒரு ஸ்ட்ரைக் என்று அச்சிலேயே இருக்கிறது. யாருக்கு எதிராக?"

"அரக்கனுக்கு சார்."

"அரக்கன் என்பது நிர்வாகத்தையா?"

"ஐயோ! அவன் சும்மா அரக்கன் சார்."

அப்போது சங்கத் தலைவர் தணிகாசலம் உள்ளே நுழைந்தார். விஷயம் என்னவென்று அவர் கேட்கவில்லை. ஸ்ட்ரைக், அரக்கன் என்ற இரண்டு சொல் காதில் விழுந்ததே போதும். "அரக்கனை டிஸ்மிஸ் பண்ற வரைக்கும் எவனும் மெஷினைத் தொடமாட்டான்!"

மூன்று நாள் யாரும் தொடவில்லை. டில்லிபாபுவும் கேட் முன்னால் வெயிலில் நின்று கோஷம் போட்டான்.

நாலாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால், "பணியில் இல்லாதவரைப் பணிநீக்கம் செய்ய விதியில் இடமில்லை," என்றார் இராமச்சந்திரன். ஆகவே அரக்கனை முன்தேதியிட்டு நிரந்தர ஊழியராக நியமித்து, அடுத்த தாளிலேயே நீக்கினார்கள். தணிகாசலத்துக்கு மாலை விழுந்தது. பட்டாசு வெடித்தது.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு: 'காலிப் பணியிடம்: அரக்கன், ஒன்று. நிரந்தரம். பி.எஃப். உண்டு.'

விண்ணப்ப வரிசை வாலாஜாபாத் ரோடு வரை நீண்டது. தணிகாசலத்தின் மச்சான் நின்றான். இராமச்சந்திரனின் அக்கா மகன் நின்றான். டில்லிபாபு விடியற்காலையே வந்து முதல் ஆளாக நின்றான்.

"இந்த வேலையில் ஆளாளுக்கு உங்களை வெட்ட வருவார்கள்," என்றார் இராமச்சந்திரன். "சம்மதமா?"

"பர்மனென்ட்தானே சார்?" என்று கேட்டான் டில்லிபாபு.