சமத்துவம் ஊட்டின மிசின்

உடப்புசல்லாவைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து ஆபீஸுல காலாகாலமா ஒரு நியதி. மேனேஜர் தொரைகிட்ட பேசணும்னா ஜன்னலுக்கு வெளியே நின்னுதான் பேசணும். அடை மழையானாலும் அப்பிடித்தான். இரண்டாயிரத்து மூணுல இந்த நியதி தகுமா தகாதான்னு கொழும்புல யாருக்கோ கவலை வந்திருச்சு. நல்ல குணங்களை உள்ளே ஊட்டினா, தக்க நடைமுறையைத் தானே தெரிவுசெய்து அருளும் கம்பியூட்டர் மிசின் ஒண்ணு வந்து இறங்குச்சு. ஊட்டிவிட யாழ்ப்பாணத்து செல்வரத்தினம் ஐயாவும் கூடவே வந்தாரு.

அன்னைக்கு ஜன்னல்ல மீனம்மாக்கா நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுது, மக பெத்தது பச்சப்புள்ள. கேட்டது ரெண்டே ரெண்டு தகரம்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. மிசினுக்குச் சமத்துவம் குடுத்துக்கொண்டிருக்கிறன்," ன்னாரு ஐயா.

மிசின் யோசிச்சுச் சொல்லுச்சு: சமத்துவம்னா எல்லாரும் உள்ளே, இல்லாட்டி எல்லாரும் வெளியே.

தொரை பதறிப்போனாரு. "எல்லாரும் உள்ளே வந்தா ஒக்காரக் கதிரைக்கு எங்க போறது? சிக்கனத்தையும் போடுங்க!"

போட்டாங்க. கதிரைச் செலவில்லாத சமத்துவம் வந்துச்சு: சகலரும் வெளியே!

அடேயப்பா, அந்தக் காட்சிய பாத்திருக்கணும்! தொரை, கணக்கப்பிள்ளை, ஐயா எல்லாரும் மழையில. உள்ளே மிசின் மட்டும் ஹீட்டர் பக்கத்துல சொகமா இருக்கு. சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறு வலிச்சிருச்சு.

"சாமி, கருணையும் கொஞ்சம் போடுங்க. எம் பேரப்புள்ள நனையுது," ன்னு மீனம்மாக்கா கெஞ்சுச்சு.

ஐயா ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டுக் கருணையையும் தட்டினாரு. மிசின் தீர்ப்பை அவரே சத்தமா வாசிச்சாரு: "ஜன்னலில் முதலாவதாக நனைந்து நிற்பவருக்குத் தகரம் இரண்டு உடனடியாக வழங்கப்படல் வேண்டும். பெயரைக் குறிப்பிடுக."

முதல்ல நின்னது மீனம்மாக்காதான்! நாங்க கைதட்டி, விசிலடிச்சு, ஒரே ஆர்ப்பாட்டம்.

அதென்னா தீர்ப்புன்னு பாக்க தொரை ஒரு எட்டு முன்னால வச்சாரு. மீனம்மாக்கா சட்டுனு ஒதுங்கி வழிவிட்டுச்சு. பின்னால நின்ன நாங்களும் ஒதுங்கினோம். ஒதுங்கச் சொல்லி யாரும் சொல்லல.

"ஐயோ, விலகாதீங்கோ அம்மா! முன்னுக்கு வாங்கோ!" ன்னு ஐயா கத்தினாரு.

"தொரை நிக்கிறாங்களே, சாமி," ன்னுச்சு அக்கா.

ஐயா பொய் எழுத மாட்டாரு. ஜன்னல்ல முதல் ஆளாக் கண்ணால பாத்தவர் பேரைத் தட்டினாரு. தொரை பங்களா நாய்க்கூடு இப்ப ஒழுகுறதே இல்ல.

எங்களுக்கு வயித்தெரிச்சல் தாங்கல. சாயந்தரம் எல்லாரும் திரண்டு போய் அந்த நன்றிகெட்ட மிசினை வாய்க்கு வந்தபடி ஏசினோம். ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்னு, தலைத்துண்டைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு.